மாவுக் கடைக்கு ஒரு டாங் டெஸ்டர்: ஆறு மாதம் வைத்துப் பார்த்தது

சென்னிமலையில் இட்லி தோசை மாவு அரைத்து விற்கிறேன். கடையில் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் இரண்டு, பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று, நாலு எல்.ஈ.டி. பல்பு, ஒரு ஃபேன். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். போன ஆடி மாதம் வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, இதில் எது எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் இனி ஒரு ரூபாய் கட்டுவதில்லை என்று வீராப்பாகச் சொன்னேன். கட்டத்தான் கட்டினேன். ஆனால் அடுத்த வாரமே ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்துவிட்டேன். எலக்ட்ரீசியன்கள் டாங் டெஸ்டர் என்பார்களே, இடுக்கி மாதிரி வாய் திறந்து வயரைக் கவ்வுகிற சாமான், அதுதான். விலை 1,450 ரூபாய்.

என்ன கம்பெனி என்று கேட்பீர்கள். ஆரஞ்சும் கருப்புமாக ஒரே உடம்பு, மேலே மட்டும் நாலைந்து பெயரில் ஸ்டிக்கர் மாற்றி விற்கிறார்கள். கடைக்காரரே இரண்டு பெட்டியை எடுத்து வைத்து, "ரண்டும் ஒண்ணுதானுங்க, எந்தப் பேரு புடிச்சிருக்குதோ எடுத்துக்குங்க" என்றார். அதனால் பெயர் வேண்டாம். ஏசி வோல்ட் 600 வரை, ஏசி ஆம்பியர் 400 வரை, ஓம், டையோடு, வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பீப் சத்தத்தோடு சொல்கிற கன்டினியூட்டி. டிசி வோல்ட் உண்டு, டிசி ஆம்பியர் கிடையாது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் நாளே ஏமாந்தேன். கிரைண்டரை ஓடவிட்டு அதன் வயரை இடுக்கியில் கவ்வினேன். 0.00. சுவிட்சை மாற்றினேன், 0.00. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், 0.00. கடைக்காரர் நல்லா தலையில் கட்டிவிட்டார் என்று தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி பெருந்துறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் இருக்கிறான். ஒரு பாட்டம் சிரித்துவிட்டுச் சொன்னான்: "ஏனக்கா, ரண்டு வயரையும் சேத்துக் கவ்வுனா எப்படிக்கா காட்டும்? ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்பி வருதில்ல, ரண்டும் அடிச்சுக்கும்."

உண்மைதான். இந்த மீட்டர் வயரைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தை வைத்துத்தான் ஆம்பியரைச் சொல்கிறது. போகிற வயரும் வருகிற வயரும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரே ஒரு வயரைத்தான் கவ்வ வேண்டும். வீட்டுச் சாமான் பலவற்றில் எர்த்தோடு சேர்த்து மூன்று வயரும் ஒரே உறைக்குள் இருப்பதால், தம்பி ஒரு அடி நீளத்தில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் செய்து கொடுத்தான். நடுவில் உறையை நீக்கி மூன்று வயரையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டிருந்தான், உள் இன்சுலேஷன் அப்படியே இருக்கும். இந்த ஒரு அடி வயர் இல்லாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு இந்த மீட்டரில் பாதிப் பயன்கூட இல்லை. பெட்டியோடு இதைக் கொடுத்திருந்தால் நூறு ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

சரி, எண் வந்துவிட்டது. அப்புறம்? மீட்டர் சொல்வது வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று இரண்டே விஷயம். மீதிக் கணக்கு நாம் போட வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். பத்தாம் வகுப்பில் படித்ததுதான். "மாறாத வெப்பநிலையில்" என்று தொடங்குமே, அந்த ஓம் விதி. ஜார்ஜ் சைமன் ஓம் என்கிற ஜெர்மனிக்காரர் 1827-இல் எழுதி வைத்தது. அந்த "மாறாத வெப்பநிலையில்" என்கிற இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு எழுதினால் டீச்சர் ஒரு மார்க் குறைப்பார். என்ன அநியாயம் என்று அப்போது நினைத்தேன். அதில் இருக்கும் நியாயம் முப்பது வருஷம் கழித்து ஒரு கோழிக் கூடையில்தான் தெரிந்தது. அதற்கும் வருகிறேன்.

முதலில் கணக்குச் சொன்னபடி கேட்கிற சாமான். வீட்டு கெய்சர் 25 லிட்டர், உடம்பில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. போட்டுவிட்டு அளந்தேன்: 219 வோல்ட், 8.3 ஆம்பியர். வகுத்தால் 26.4 ஓம். பெருக்கினால் 1,818 வாட். பிறகு பிரேக்கரை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, காயிலின் வயரை விலக்கிவிட்டு இரண்டு முனையிலும் மீட்டரின் ஓம் சுவிட்சில் வைத்துப் பார்த்தேன். 26.8 காட்டியது. மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.4 காட்டுகிறது, அது ஊசி வயரின் சொந்தத் தடை. கழித்தால் 26.4. இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்து, சமையல் கட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தியமாகக் கை தட்டினேன்.

இதிலேயே இன்னொன்றும் விளங்கியது. பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருந்தாலும் எங்கள் தெருவுக்கு அது 1,800 வாட் கெய்சர்தான். சாயங்காலம் வோல்டேஜ் 196-க்கு இறங்கும். அப்போது அதே 26.4 ஓம் வழியாக 7.4 ஆம்பியர்தான் போகும், பவர் 1,450 வாட் சொச்சம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் பவர் அதைவிட வேகமாக இறங்கிவிடுகிறது, ஏனென்றால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. மார்கழிச் சாயங்காலத்தில் "தண்ணி இன்னும் சுடல" என்று என் வீட்டுக்காரர் கெய்சரைத் திட்டுவார். கெய்சர் மேல் தப்பில்லை.

மீட்டருக்குக் கொடுத்த காசு திரும்பி வந்ததும் இந்தக் கெய்சரால்தான். தை மாதம் ஒரு நாள் சுடுதண்ணியே வரவில்லை. ஒரு மெக்கானிக் வந்தார், மூடியைத் திறந்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், "காயில் போச்சுங்க, 1,600 ஆகும்" என்றார். யார், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி நானே அளந்தேன். காயில் 26.8, பழைய எண்ணேதான். காயில் அறுந்திருந்தால் ஓம் காட்டாது, திரையில் ஓ.எல். என்று வந்துவிடும். அந்த ஓ.எல். தெர்மோஸ்டாட்டில் வந்தது, தண்ணி சுட்டதும் கரண்டை நிறுத்துகிற சாமான் அது. புது தெர்மோஸ்டாட் 280 ரூபாய், தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினான், கோழிக் குழம்பு சாப்பிட்டுப் போனான். மீட்டரின் விலையில் முக்கால்வாசிக்கு மேல் அன்றைக்கே வந்துவிட்டது. ஒன்று மட்டும்: காயிலிலிருந்து உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்பதை இந்த மீட்டரின் குட்டி பேட்டரியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு அதிக வோல்ட் கொடுத்துக் கசிவைச் சோதிக்கிற மெக்கர் வேண்டும். கெய்சரைத் தொட்டால் ஜிவ்வென்று இருந்தால் மீட்டரைத் தேடாதீர்கள், பிரேக்கரை இறக்குங்கள்.

இப்போது கோழிக் கூடை. காங்கேயம் பக்கத்தில் அம்மா வீடு. பனிக்காலத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கூடைக்குள் 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடுவார். மீட்டர் பவுசில் நான் பல்பைக் கழற்றி அதன் ஓமை அளந்தேன். 38. கணக்குப் போட்டேன்: 230-ஐ 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர், பெருக்கினால் 1,390 வாட்! ஒரு அயர்ன் பாக்ஸைவிட அதிகம். அம்மா இத்தனை வருஷமாகக் குஞ்சுகளை வறுத்துக் கொண்டிருந்தாரா?

எரியவிட்டு ஆம்பியரை அளந்தால் 0.4 என்றும் 0.5 என்றும் தள்ளாடியது. சின்ன ஆம்பியருக்கு இந்த மீட்டர் சரிப்படாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே வயரை இடுக்கியின் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்து மடங்காகக் காட்டும், வந்ததைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். சுற்றினேன், 4.3 காட்டியது. அப்படியானால் 0.43 ஆம்பியர். வோல்ட் 224. பெருக்கினால் 96 வாட், பல்பில் போட்டதற்குப் பக்கம்தான். வகுத்தால் 521 ஓம். குளிர்ந்திருந்தபோது 38 ஆக இருந்த அதே கம்பி, எரியும்போது பதின்மூன்று மடங்குக்கு மேல் தடை கூடி நிற்கிறது. உள்ளே இருக்கிற டங்ஸ்டன் வெள்ளையாகக் காய்கிறது, காயக் காயத் தடை ஏறுகிறது. "மாறாத வெப்பநிலையில்" என்பதற்கு அர்த்தம் இதுதான், டீச்சர். கெய்சர் காயிலில் இருப்பது நிக்ரோம், அது சூடானாலும் தடை பெரிதாக மாறாது. அதனால்தான் அங்கே கணக்கு ஒட்டியது, இங்கே வெட்டியது. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடுகிற நொடியில் டப்பென்று பியூஸ் ஆவதும் இதனால்தான். அந்த நொடியில் கம்பி ஜில்லென்று இருக்கும், கரண்ட் முட்டிக்கொண்டு பாயும்.

சரி, வாங்கின காரியத்துக்கு வருகிறேன். கிரைண்டர்.

நம் பக்கத்தில் கிரைண்டர் என்பது சாமானியப் பொருள் இல்லை. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதற்குக் கல் எங்களுக்குப் பக்கத்து ஊர் ஊத்துக்குளிக் கல். என்னுடையதில் ஒரு எச்.பி. மோட்டார். ஒரு எச்.பி. என்றால் 746 வாட் என்று எழுதி வைத்திருப்பார்கள். அது முழுச் சுமையில் மோட்டார் கல்லுக்குக் கொடுக்கிற வேலை, அப்போது ஈ.பி.யிடம் வாங்குவது அதைவிட அதிகம். இதுவே பல பேருக்குத் தெரியாது.

அரிசி போட்டுத் தண்ணீர் தாராளமாக விட்டு ஓடும்போது 228 வோல்ட், 4.8 ஆம்பியர். பெருக்கினால் 1,094. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் என்று கணக்குப் போட்டு, இரண்டு மாதத்துக்கு நீட்டிப் பார்த்தால் பில்லில் வந்ததைவிட ஏகப்பட்ட யூனிட் வருகிறது. ஈ.பி.காரர்கள் எனக்குச் சலுகை காட்டுகிறார்களா? அவ்வளவு நல்ல மனசு யாருக்கு இருக்கிறது!

மறுபடியும் தம்பி. "அக்கா, அது வாட் இல்ல, வெறும் வோல்ட்-ஆம்பியர், வி.ஏ. மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் போடோணும்." மோட்டாரில் வோல்ட் ஏறி இறங்குகிற தாளத்தோடு கரண்ட் சேர்ந்து நடப்பதில்லை, கொஞ்சம் பின்தங்கியே வருகிறது. அதனால் பெருக்கி வருகிற தொகை முழுவதும் வேலையாக மாறாது, ஒரு பங்கு போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்று என் 1,450 ரூபாய் மீட்டருக்குத் தெரியாது. இதுதான் இந்த மீட்டரின் மிகப் பெரிய குறை. பெட்டியில் எங்கேயும் அதைச் சொல்வதில்லை.

தெரிந்த மீட்டர் கடைச் சுவரிலேயே தொங்குகிறது, ஈ.பி. மீட்டர்தான். அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று எழுதியிருக்கும், என்னுடையதில் 3200. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு கிரைண்டரை மட்டும் ஓடவிட்டு, செல்போனில் இரண்டு நிமிஷம் டைமர் வைத்து எண்ணினோம். 70. எழுபதை 3200-ஆல் வகுத்து, ஒரு மணிக்கு மாற்ற முப்பதால் பெருக்கினால் 0.656. அதாவது 656 வாட். நான் போட்ட 1,094 எங்கே, இது எங்கே! 656-ஐ 1,094-ஆல் வகுத்தால் 0.6, அதுதான் பவர் ஃபேக்டர். உளுந்து போட்டுக் கெட்டியாக ஆட்டும்போது 226 வோல்ட், 6.1 ஆம்பியர், இரண்டு நிமிஷத்துக்கு 105 மினுக்கு. வாட் 984, பவர் ஃபேக்டர் 0.71. சுமை கூடினால் மோட்டார் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. சில மனுஷர்களும் அப்படித்தான்.

மோட்டாரில் ஓமை அளந்து கணக்குப் போடவும் கூடாது. காயிலை அளந்தால் 3 ஓம். 228-ஐ மூன்றால் வகுத்தால் 76 ஆம்பியர், மெயின் ஃபியூஸே போய்விடும். ஆனால் அரிசி ஓடும்போது ஐந்துக்குள் நிற்கிறது. சுற்றுகிற மோட்டார் உள்ளே வருகிற வோல்ட்டுக்கு எதிராகத் தானே ஒரு வோல்ட்டை உண்டாக்கித் தடுக்கிறது, அந்தத் தடுப்பு ஓம் மீட்டரில் தெரியாது. கல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் தடுப்பு குறைந்துபோகும், ஆம்பியர் எகிறும், வாசனை வரும், தம்பிக்கு வேலை வரும். வோல்டேஜ் இறங்கினாலும் வம்புதான். கெய்சர் வோல்டேஜ் குறைந்தால் கம்மியாக இழுக்கும், மோட்டார் அதே மாவை ஆட்ட அதிகமாக இழுக்கும். சாயங்காலம் 196 வோல்ட்டில் உளுந்துக்கு 6.9 ஆம்பியர் போனதைப் பார்த்த பிறகு ஆட்டுவதை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டேன். மோட்டார் உடம்பில் கை வைக்க முடிகிறது இப்போது.

இந்த மீட்டர் செய்த வேலையில் பெரியது என்று நான் நினைப்பது இன்னொன்று. உள் கிரைண்டரின் சாக்கெட் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மாவு அறை, சூடு இருக்கத்தானே செய்யும் என்று விட்டிருந்தேன். தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ரப்பர் செருப்போடு, உளுந்து ஓடும்போது மெயின் போர்டில் அளந்தால் 226. அந்தச் சாக்கெட்டுக்கு அடுத்த துளையில் ஊசியை வைத்தால் 217. ஒன்பது வோல்ட் வழியில் காணாமல் போகிறது. ஒன்பதை 6.1-ஆல் வகுத்தால் ஒன்றரை ஓம். ஒன்பதை 6.1-ஆல் பெருக்கினால் 55 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு சுவருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு நான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கே எரிகிறது என்பதற்கும் கணக்கே போதும். உள்ளே ஓடுவது ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நூறு மீட்டருக்குத் தோராயமாக 1.8 ஓம். போர்டிலிருந்து இருபது மீட்டர், போக வர நாற்பது. அதற்கு 0.72 ஓம்தான் ஆகும். மீதி முக்கால் ஓம் சொச்சம் எங்கே? சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே பித்தளை கருத்து, பிளாஸ்டிக் ஒரு மூலையில் உருகி, திருகு ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு நகக்கண் அளவு இடத்தில் கிட்டத்தட்ட 28 வாட். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போட்டோம். இப்போது இரண்டு வோல்ட்தான் குறைகிறது, கையில் தொட்டால் சாக்கெட் ஜில்லென்று இருக்கிறது. மிச்சமாகிற யூனிட் சொற்பம். எண்ணெய் டின்னும் சாக்குப் பையும் அடுக்கியிருக்கிற அறை அது, அதை நினைத்தால்தான் நெஞ்சு திக்கென்றது.

மீட்டரைப் பற்றி மீதிக் குறைகள். ஹோல்ட் பட்டன் கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கிறது. தெரியாமல் அமுங்கிவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும், கிரைண்டரை நிறுத்திய பிறகும் 4.8 என்று காட்டி ஒரு நாள் என்னைக் குழப்பியது. அதைவிட மோசம், கரண்ட் இருக்கிற இடத்தில் இல்லை என்று காட்டிவிட்டால் ஆளே காலி. அதனால் ஒவ்வொரு தடவையும் தெரிந்த சாக்கெட் ஒன்றில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன். பை ஜிப் இரண்டாவது மாதமே போய்விட்டது. கையேடு ஆங்கிலத்தில், அதுவும் தப்பும் தவறுமாக. எல்.ஈ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் மாதிரிச் சாமானில் ஆம்பியர் நம்பும்படி வருவதில்லை. அந்தச் சாமான்களில் கரண்ட் சீரான அலையாக வராது, அதையும் சரியாக அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று போட்ட மீட்டர் வேண்டும், விலையும் கூட. பக்கத்து வீட்டுக்காரர் சோலார் பேனலுக்கு என்று ஆசையாக இரவல் வாங்கிப்போய் அரை மணியில் திருப்பிக் கொடுத்தார். டிசி ஆம்பியருக்கு இந்த இடுக்கி வாயே திறக்காது. வாங்கும்போது ஏசி, டிசி இரண்டு ஆம்பியரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு ஆகும்? கெய்சர், அயர்ன் பாக்ஸ், வயரிங் பார்க்க இது தாராளம். மோட்டார் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் வாட்டும் பவர் ஃபேக்டரும் காட்டுகிற மாடலுக்குக் காசு சேர்த்துக்கொள்ளலாம். தறிக்காரர்கள் த்ரீ ஃபேஸ் போர்டுக்குள் இந்த விலை மீட்டரை நுழைக்க வேண்டாம், எலக்ட்ரீசியனிடமே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. தம்பி செய்து கொடுத்த ஒரு அடி வயரைச் சேர்த்தால் நாலு.

வாட் காட்டுகிற மாடலை அடுத்த ஆடித் தள்ளுபடியில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரைக்கும் மகள்தான் காலையில் பல் விளக்கிக்கொண்டே ஈ.பி. பெட்டிக்கு முன்னால் நின்று மினுக்கு எண்ணுகிறாள். நூற்றுப்பத்தைத் தாண்டினால் வாயில் நுரையோடு உள்ளே பார்த்துக் கத்துவாள்: "அம்மா, உளுந்துக்குத் தண்ணி ஊத்து!"